பதினொரு மணிக்கு ஊரில் யார் இருப்பார்கள்? கிளியனூர் பக்கம் ஒரு களப்பயிற்சிப் பயணம்

மார்ச் கடைசி வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை, விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வழியாகக் கிளியனூர் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்குப் போனேன். ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர். ஊர் சுற்றப் போகவில்லை, பரீட்சைக்குப் போனேன். நான் சுகாதாரக் கல்வியாளர் பட்டயப் படிப்பில் முதலாண்டு. அதாவது நாளைக்கு ஊர் ஊராகப் போய், தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்று சொல்லப்போகிற ஆள். எங்கள் பாடத்தில் ‘நிகழ்ச்சித் திட்டமிடல்’ என்று ஒரு தாள் உண்டு. அதன் செய்முறைத் தேர்வுதான் இந்தப் பயணம். இதே படிப்பில் இருப்பவர்கள் நீங்களும் இதேபோல் எங்கேயாவது கிளம்புவீர்கள் என்பதால் வழி, நேரம், செலவு எல்லாம் எழுதுகிறேன். நடுநடுவே திட்டவும் செய்வேன். திட்டமிடலைப் பற்றி எழுதும்போது திட்டாமல் எப்படி?

என்னைத் தெரியாதவர்களுக்கு ஒரு அறிமுகம். எங்கள் வகுப்பறை மூலையில் தொங்கும் எலும்புக்கூட்டுக்கு ‘எலும்பரசன்’ என்று பெயர் சூட்டி, மூன்று வாரம் தினமும் அவன் சார்பில் “உள்ளேன் ஐயா” சொன்னது நான்தான். யாரும் கண்டுபிடிக்கவில்லை. வகுப்புக்கு ஒழுங்காக வந்த ஒரே ஆள் அவன் என்பதால் யாருக்கும் சந்தேகமும் வரவில்லை. இப்படிப்பட்ட நான் கோபமாக இருக்கிறேன் என்றால் சிரிப்பீர்கள். இந்த ஒரு முறை நம்புங்கள். கோபமாகத்தான் இருக்கிறேன்.

திட்டமிடல் பாடம் நடத்துகிறவரை நாங்கள் பிளான் சார் என்போம். நிஜப் பெயர் வேண்டாம். முதல் நாள் அவர் பலகையில் எழுதிய முதல் வரி எனக்கு இன்னும் மனப்பாடம்: ‘முதலில் மக்களிடம் போய்க் கேள்.’ அவர்களுக்கு எது தேவை, எந்த நேரம் தோது, யார் சொன்னால் காது கொடுப்பார்கள், இதையெல்லாம் கேட்ட பிறகுதான் குறிக்கோள் எழுத வேண்டும். அப்புறம் செயல்பாடு. கடைசியில் மதிப்பீடு. நல்ல பாடம்தான். குறையே சொல்ல மாட்டேன். அதை அப்படியே நம்பியவள் என் பக்கத்து இருக்கை மெர்சி. அவள் செய்த ஒரே தப்பு அது.

நாங்கள் போகவிருந்த கிராமம் மெர்சியின் சொந்த ஊர். அவளுடைய அப்பா, அம்மா இரண்டு பேரும் மற்றவர்கள் நிலத்தில் கூலிக்குப் போகிறவர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனவள், பாடத்தில் சொன்னபடியே தெருத் தெருவாக உட்கார்ந்து கேட்டிருக்கிறாள். எல்லாத் தெருவிலும் ஒரே பதில் வந்திருக்கிறது: பாம்புக்கடி. இப்போது அங்கே மல்லாட்டை பிடுங்கும் காலம். வேர்க்கடலைக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். பிடுங்கிய செடிகளைக் குவியலாகப் போட்டு, சுற்றி உட்கார்ந்து காய்களை ஆய்ந்தெடுப்பார்கள். குவியலுக்குள் குளிர்ச்சியாக இருக்கும். நமக்குத் தெரிகிற குளிர்ச்சி பாம்புக்கும் தெரியும். இரண்டு வருடம் முன்பு அப்படியொரு குவியலில் கைவிட்ட மெர்சியின் சித்தப்பா அந்தோணியைக் கண்ணாடி விரியன் கடித்தது. மணிக்கட்டுக்கு மேல் கயிற்றால் இறுக்கிக் கட்டி, பிளேடால் கீறி, மந்திரிக்கிறவரிடம் ஒருமுறை காட்டி, அதன் பிறகுதான் ஆஸ்பத்திரி. உயிர் தப்பியது. வலது கையில் மூன்று விரல் போய்விட்டது.

மெர்சி எழுதிய திட்டம் ஒரே பக்கம். அறுவடை முடிவதற்குள், மாலையில், எல்லோரும் வேலை முடிந்து வந்த பிறகு ஒரு கூட்டம். கடித்தால் என்ன செய்வது, எதைச் செய்யவே கூடாது, யாருடைய வண்டியில் எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது. “இந்த சீசன்ல எங்க ஊர்ல இன்னொரு கை போவக் கூடாதுடி,” என்றாள் என்னிடம். அவளுடைய குறிக்கோள் அவ்வளவுதான்.

பிளான் சார் அதைப் படித்தார். எழுத்து அழகாக இருக்கிறது என்றார். பிறகு, தலைப்பு ஏற்கெனவே முடிவாகிவிட்டது என்றார். கை கழுவுதல். பேனர் இருக்கிறது, சோப்பு வாங்கியாகிவிட்டது, நேரம் காலை பதினொரு மணி. மாலையில் வைத்தால் வேன் டிரைவர் ஓவர்டைம் கேட்பார், அதை யார் கொடுப்பது என்று கேட்டார். அந்த பேனரை நீங்கள் ஒருமுறை பார்க்க வேண்டும். தேதி இருக்கிற இடம் மட்டும் புடைத்துக்கொண்டு நிற்கும். வருடா வருடம் பழைய தேதியின் மேல் புதுத் தேதியை ஒட்டி ஒட்டி, தடவிப் பார்த்தால் அப்பளம் அடுக்கின மாதிரி இருக்கும். மக்களிடம் போய்க் கேள் என்று சொல்லிக்கொடுத்தவர், மக்களைச் சுத்தமாகக் கை கழுவிவிட்டார். சோப்பே தேவைப்படவில்லை.

இனி பயணம். கல்லூரி வேன் கிளம்ப வேண்டிய நேரம் காலை 7:30. கிளம்பியது 8:10. காரணம், பிளான் சார் பேனரை மறந்துவிட்டு வந்து, திரும்பிப் போய் எடுத்துவந்தார். திட்டமிடல் ஆசிரியர் என்பதை மறுபடி நினைவூட்டுகிறேன். நீங்கள் சொந்தமாகப் போவதாக இருந்தால் விழுப்புரம் புதிய பேருந்து நிலையத்தில் சென்னைப் பக்கம் போகிற எந்தப் பேருந்திலும் ஏறலாம். திண்டிவனத்துக்கு ஒரு மணி நேரம், நாற்பது ரூபாய்க்குள் முடிந்துவிடும். அங்கிருந்து பாண்டிச்சேரி போகிற பேருந்தில் கிளியனூர் அரை மணி நேரம். கிளியனூரிலிருந்து கிராமம் உள்ளே நாலு கிலோமீட்டர். ஷேர் ஆட்டோ இருபது ரூபாய். டவுன் பஸ் கிடைத்தால் பெண்களுக்கு இலவசம், ஆனால் அது வருகிற நேரம் அதற்கே தெரியாது.

விக்கிரவாண்டி டோல்கேட்டில் பதினைந்து நிமிடம் நின்றோம். திண்டிவனத்தில் டீ குடிக்க நிறுத்தினார்கள். டீ பன்னிரண்டு, வடை பத்து. வடை நன்றாக இருந்தது, அதில் எனக்குக் கோபம் இல்லை. கூட்டேரிப்பட்டு தாண்டும்போதே பின்னால் பாட்டுச் சத்தம் தாங்காமல் முன்னால் வந்து டிரைவர் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அந்த ஊருக்கு எத்தனை முறை போயிருக்கிறார் என்று கேட்டேன்.

“வேலைக்குச் சேந்ததுலேர்ந்து வருஷா வருஷம் போய்க்கினுதான் இருக்கேன் பாப்பா. இந்த வண்டியப் பாத்தா அந்த ஊரு நாய்ங்க கூட கொரைக்காது. சோப்பு வண்டி வந்துச்சின்னு வாலாட்டும்.”

சாயங்காலம் ஓட்டுவதற்கு ஓவர்டைம் கேட்டாராமே என்று சும்மா வாயைக் கிளறினேன். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

“யாரு, நானா? என்னை யாரும் கேக்கவே இல்லியே.”

நான் திரும்பிப் பார்த்தேன். மெர்சி பின் இருக்கையில் ஜன்னலோரம் உட்கார்ந்து சோப்புகளை எண்ணிப் பைகளில் போட்டுக்கொண்டிருந்தாள். ஊரைக் கேட்காதது ஒருபுறம் இருக்கட்டும். மூன்றடி தள்ளி உட்கார்ந்து வண்டி ஓட்டுகிறவரைக்கூடக் கேட்காமல், அவர் பெயரைச் சொல்லி ஒருத்தியின் திட்டத்தைத் தூக்கிப் போட்டிருக்கிறார்கள்.

10:25க்கு ஊர் போய்ச் சேர்ந்தோம். நாய்கள் நிஜமாகவே வாலாட்டின. நாய்களைத் தவிர வரவேற்க ஆளில்லை. மூன்று தெரு, ஒரு சின்ன சர்ச், ஒரு மாரியம்மன் கோயில், ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு சமுதாயக் கூடம். எல்லா வீட்டுக் கதவிலும் பூட்டு. பங்குனி மாதம், மல்லாட்டைக் காலம், காலை பதினொரு மணி. அந்த நேரத்தில் ஊரில் யார் இருப்பார்கள் என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டிருந்தால் சொல்லியிருக்கும்.

சமுதாயக் கூடத்து வாசலில் ஒரே ஒரு அக்கா உட்கார்ந்திருந்தார். பெயர் அஞ்சலை, நாற்பது வயது இருக்கும். மெர்சி அவரை அத்தை என்று கூப்பிட்டாள். முறைப்படி முதலில் கேள்வித்தாளை நிரப்ப வேண்டுமே என்று நான் பேனாவைத் திறந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் ஆரம்பித்துவிட்டார்.

“சோப்பு போட்டு இருபது செகண்டு கழுவணும். சாப்பாட்டுக்கு முந்தி, கக்கூஸ் போய்ட்டு வந்தா. நகத்த வெட்டணும். எழுதிக்கினியா? அடுத்தது கேளு, ஜல்தியா.”

விசாரித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. வருடா வருடம் மாணவர்கள் வந்து வீடு வீடாக அதே கேள்விகளைக் கேட்டு, ஊர் மொத்தத்துக்கும் ஒரு நாள் வேலை கெட்டுக்கொண்டிருந்திருக்கிறது. ஊரார் உட்கார்ந்து பேசி வீட்டுக்கு வீடு முறை வைத்துவிட்டார்கள். ஒவ்வொரு வருடமும் ஒரு வீடு மட்டும் வேலைக்குப் போகாமல் இருந்து, எல்லோருக்காகவும் பதில் சொல்லிவிட வேண்டும். திருவிழாவுக்கு முறை வைப்பது மாதிரி. இந்த வருடம் அஞ்சலை அக்கா வீட்டு முறை. எங்களுக்குக் கை கழுவக் கற்றுக்கொடுப்பதற்காக அன்றைக்கு அவர் கொல்லைக்குப் போகவில்லை. புஞ்சை நிலத்தை இங்கே கொல்லை என்பார்கள். திட்டமிடல் பாடத்தை அந்த ஊர் எங்களைவிட ஒழுங்காகப் படித்திருக்கிறது, எங்களைச் சமாளிப்பதற்காக.

“போன வருஷம் மெர்சி வூட்டு மொற,” என்றார் அஞ்சலை அக்கா. “இந்தப் பொண்ணுதான் கடகடன்னு பதில் சொல்லி அனுப்பிச்சிது.”

மெர்சி தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். அன்றைக்கே பாம்புக்கடி பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறாள். ‘குறித்துக்கொள்கிறோம்’ என்று சொல்லிவிட்டு வேனில் ஏறிவிட்டார்களாம். என் சீனியர்கள். குறித்துக்கொண்டது எந்தக் காகிதத்திலோ, அதில் போண்டா மடித்துச் சாப்பிட்டிருப்பார்கள்.

பதினொரு மணிக்குக் கூட்டம் தொடங்க வேண்டும். வந்திருந்தவர்கள் அஞ்சலை அக்கா, அவருடைய மாமியார், பெட்டிக்கடை அண்ணன், காய்ச்சலில் பள்ளிக்கூடம் போகாத இரண்டு பிள்ளைகள். அறிக்கையில் முப்பது பயனாளிகள் தேவை. பிளான் சார் பதற்றப்படவே இல்லை. அதிலிருந்தே இது புதுப் பழக்கமில்லை என்று புரிந்தது. பாதிப் பேர் வெள்ளைக் கோட்டைக் கழற்றிவிட்டு ஜமக்காளத்தில் உட்காருங்கள், துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொள்ளுங்கள், பையன்கள் தோளில் துண்டு போடுங்கள் என்றார். எல்லோருக்கும் ஒரே குஷி. நானும் முக்காடு போட்டுக்கொண்டேன். நாடகம் என்றால் எனக்குக் கசக்குமா?

பேச வேண்டியவர்களில் மெர்சியும் ஒருத்தி. நகம் வெட்டுவது பற்றி ஐந்து நிமிடம் அவளுக்கு ஒதுக்கியிருந்தார்கள். அந்த ஐந்து நிமிடத்துக்குள் பாம்பை எப்படியாவது நுழைத்துவிடலாம் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்ததாக அப்புறம் என்னிடம் சொன்னாள். கோட்டுப் பட்டனைப் போட்டுக்கொண்டு நின்றவளைப் பிளான் சார் பார்த்தார்.

“மெர்சி, நீயும் போய் உக்காரு. உனக்கு நடிக்க வேண்டியதே இல்ல. நீ இந்த ஊர்தானே.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். நானும் பழக்க தோஷத்தில் சிரிக்க வாயெடுத்தேன், அவள் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன்.  அவள் கோட்டைக் கழற்றி நான்காக மடித்துப் பையில் வைத்துவிட்டு, அஞ்சலை அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். இதைத் தட்டும்போதும் எனக்குக் காது சூடாகிறது. நாங்களெல்லாம் மாணவர்கள், ஊர்க்காரர்களாக நடிக்கிறோம். அவர் கணக்கில் அவள் ஊர்க்காரி, இத்தனை நாளும் மாணவியாக நடித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

அறிக்கைக்காக வீடியோ எடுக்கத் தொடங்கினார்கள். கை கழுவும் ஏழு நிலைகளைச் செய்து காட்டினார்கள். கடைசியில் யாருக்காவது சந்தேகம் இருக்கிறதா என்று சார் கேட்பார், ஒரு ‘பயனாளி’ எழுந்து, சோப்பு இல்லாவிட்டால் சாம்பல் போடலாமா என்று கேட்க வேண்டும். அந்த வேடம் எனக்கு. எழுந்தேன். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

“சார், மல்லாட்டைக் குவியல்ல கையை வுட்டு பாம்பு கடிச்சிட்டா, அந்தக் கையை எத்தினி செகண்டு கழுவணும்?”

கேமரா ஓடுகிறது. என்னைப் பெயர் சொல்லித் திட்டினால், முப்பது பயனாளிகளில் ஒன்று குறைந்துவிடும். அவர் முகத்தில் என்னென்னவோ வந்து போனது.

“அம்மா, அது இன்னிக்குத் தலைப்புல இல்லம்மா.”

“போன வருஷமும் தலைப்புல இல்லீங்களே சார். அடுத்த வருஷமாச்சும் வருமா?”

ஜமக்காளத்தில் துப்பட்டாக்கள் குலுங்கின. நான் அத்தோடு விட்டுவிடுவதாகத்தான் இருந்தேன். ஆனால் பெட்டிக்கடை அண்ணனுக்கு இது நாடகம் என்று யாரும் சொல்லவில்லை. “அந்தப் பொண்ணு கேக்கறது நல்லாத்தான கீது சார். கடிச்சா கட்டு போடலாமா, வாணாமா? அதச் சொல்லுங்க,” என்றார். பிளான் சார் கையிலிருந்த தாளைப் பார்த்தார். அதில் சோப்புதான் இருந்தது. சம்பந்தப்பட்ட மருத்துவரை அணுகவும் என்றார். கடி வாங்கினவன் எப்படி அணுகுவான் என்பதுதானே கேள்வியே.

மெர்சி உட்கார்ந்த இடத்திலிருந்தே பதில் சொன்னாள். கட்டக் கூடாது, கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது. கழுவிக்கொண்டும் நிற்க வேண்டாம். கடிபட்ட கையை அசைக்காமல் ஒரு குச்சியோடு சேர்த்துத் துணியைத் தளர்வாகச் சுற்றி, மோதிரம், வளையல் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, நேராக விஷமுறிவு மருந்து இருக்கிற அரசு ஆஸ்பத்திரி. அவள் முடிப்பதற்குள் பிளான் சார் வீடியோவை நிறுத்தச் சொல்லிவிட்டார்.

நாங்கள் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தபோது அஞ்சலை அக்கா மெர்சியின் கையைப் பிடித்தார்.

“நீ சொல்றத நாங்க அஞ்சு பேரு கேட்டு இன்னா ஆவப் போவுது மெர்சி? கடி வாங்கறவங்க எல்லாம் கொல்லையில கீறாங்க. ஆறரைக்கு வந்துடுவாங்க. இருந்து சொல்லிட்டுப் போ.”

வேன் ஒரு மணிக்குக் கிளம்பும், வராதவர்களுக்குச் செய்முறை மதிப்பெண் கிடையாது என்று பிளான் சார் அறிவித்தார். மெர்சி வாதாடுவாள் என்று எதிர்பார்த்தேன். “வூட்டுக்குத்தான் சார் போறேன்,” என்றாள், அவ்வளவுதான். வேனில் ஏறியிருந்த நானும் இறங்கிக்கொண்டேன். உனக்கும் இங்கே வீடு இருக்கிறதா என்று சார் கேட்டார். இன்றைக்கு நான் இந்த ஊர்ப் பயனாளி, வீடியோவில் இருக்கிறது என்றேன். அவர் டிரைவர் அண்ணனைப் பார்த்து வண்டியை எடுக்கச் சொன்னார். டிரைவர் அண்ணன் எங்களைப் பார்த்து ஒரு தடவை ஹாரன் அடித்துவிட்டுப் போனார். என் அம்மாவுக்குப் போன் செய்தேன். முதல் நாலு நிமிடம் திட்டினார், ஐந்தாவது நிமிடம், சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவீர்கள் என்றார்.

சாப்பாடு மெர்சி வீட்டில். கேப்பைக் கூழ், மோர் மிளகாய், பாதி மாங்காய். மூன்று மணிக்குக் கொல்லைக்கு நடந்தோம், ஒன்றரை கிலோமீட்டர். வெயிலுக்கு நடுவே மல்லாட்டைச் செடியின் பச்சை வாசனை. நான் முதல் முறையாகக் குவியலைப் பக்கத்தில் பார்த்தேன். இடுப்பளவு உயரம். அதைச் சுற்றி உட்கார்ந்த பெண்கள் பேசிக்கொண்டே, பார்க்காமலேயே, முழங்கை வரை உள்ளே விட்டுச் செடியை உருவிக்கொண்டிருந்தார்கள். பார்க்கும்போது எனக்குக் கை கூசியது.

அந்தோணி சித்தப்பா இடது கையால் காய் ஆய்ந்துகொண்டிருந்தார். கடிபட்ட அன்று நடந்ததை மாலைக் கூட்டத்தில் எல்லோருக்கும் அவர் வாயாலேயே சொன்னால் நன்றாக இருக்கும் என்று நான்தான் அதிகப்பிரசங்கித்தனமாகக் கேட்டேன். வகுப்பில் அதற்கு ஒரு பெயர்கூட இருக்கிறது, ‘பாதிக்கப்பட்டவர் பகிர்வு’.

“என்னைப் பேனராக்காத பாப்பா,” என்றார். “ரெண்டு வருஷமா எல்லாரும் இந்தக் கையப் பாத்துக்கினுதான கீறாங்க.”

மெர்சிக்கும் அவருக்கும் அங்கேயே சண்டை. கட்டுப் போடக் கூடாது என்பதைத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்றாள் அவள். வண்டியைத்தான் முதலில் பேச வேண்டும் என்றார் அவர். அன்றைக்குப் பெட்ரோல் இருக்கிற வண்டி தேடியே அரை மணி நேரம் போயிற்றாம். ஆள் துடிப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க முடியாமல்தான் கட்டினார்களாம். அவள் விட்டுக்கொடுக்கவில்லை, அவரும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் கட்டு அவளுக்கு, வண்டி அவருக்கு என்று பாகம் பிரித்துக்கொண்டார்கள்.

ஆறே முக்காலுக்குத் தண்ணீர்த் தொட்டி விளக்கடியில் கூட்டம். பேனர் இல்லை, ஜமக்காளம் இல்லை. காலில் மண்ணோடு அறுபது பேருக்குக் குறையாமல் வந்திருந்தார்கள், அறுபது பேரும் அசல். மெர்சி பையிலிருந்த கோட்டை எடுத்து உதறிப் போட்டுக்கொண்டு நின்றாள். “டாக்டரம்மா வந்துட்டாங்கடோய்,” என்று பின்னாலிருந்து ஒரு குரல். “டாக்டர் இல்ல மாமா. உன்ன உசுரோட டாக்டர்கிட்ட சேக்கறதுக்குப் படிக்கறேன்,” என்றாள். 

சண்டை வந்தது மெட்டியில். காலில் கடித்தால் வீங்கும், அதனால் கொலுசு, மெட்டி எல்லாம் உடனே கழற்ற வேண்டும் என்றாள். புருஷன் உயிரோடு இருக்கும்போது மெட்டியைக் கழற்றுவதா என்று ஒரு அம்மா எழுந்துவிட்டார். எங்கள் பாடப் புத்தகத்தில் இதற்குப் பதில் கிடையாது.  அஞ்சலை அக்காதான் உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டார்.

“காலே போய்ட்டா மெட்டிய எங்கடி போடுவ, காதுலயா?”

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அந்த அம்மாவும் சிரித்துவிட்டார். கழற்றின மெட்டியைப் புருஷன் கையிலேயே கொடுத்துவிட்டால் குற்றமில்லை என்று அவர்களாகவே ஒரு தீர்ப்புக்கு வந்தார்கள்.

பிறகு அந்தோணி சித்தப்பா முறை. தெருவுக்கு இரண்டு வண்டி. ஒருவர் ஓட்ட வேண்டும், கடிபட்டவர் நடுவில், பின்னால் ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். வண்டியில் எப்போதும் பெட்ரோல் இருக்க வேண்டும், சாவி எங்கே தொங்கும் என்று தெருவுக்கே தெரிந்திருக்க வேண்டும். 108க்குப் போன் போட்டுவிட்டு, எது முதலில் வருகிறதோ அதில் போவது. ஊர் வெளியே போகிறவர் தனக்குப் பதில் யார் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். உடனே ஒத்திகையும் பார்த்தார்கள். கடிபட்டவர் சித்தப்பாவேதான். கொல்லையிலிருந்து மெயின் ரோட்டுக்கு ஒன்பது நிமிடம். நான் போட்டோ எடுத்துத் தள்ளினேன். இரவு மெர்சி வீட்டில் தங்கி, மறுநாள் காலை ஆறே கால் டவுன் பஸ்ஸைப் பிடித்தோம். அன்று அது வந்தது. எனக்கு மொத்தச் செலவு, வடை உட்பட, நூறு ரூபாயைத் தொடவில்லை.

இரண்டு நாள் கழித்துப் பிளான் சார் எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். திட்டுவார் என்று தயாராகப் போனோம். என் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் படங்களைப் பார்த்திருக்கிறார். நல்ல கூட்டம் என்றார். அறிக்கையில் ‘மாலை அமர்வு’ என்று சேர்த்துக்கொள்ளலாம், படங்களை அனுப்பு என்றார். கை கழுவுதல் அறிக்கையில். மதிப்பெண் பற்றி ஒரு வார்த்தை இல்லை. என் வாயில் பத்து நக்கல் வரிசையில் நின்றன. மெர்சி முந்திக்கொண்டாள்.

“தரோம் சார். அதுல நான் கோட் போட்டுக்கினு நின்னு பேசறேன். தலைப்பு பாம்புக்கடி, நேரம் ஆறே முக்கால், பேசினது மெர்சி. அப்படியே எழுதுவீங்களா?”

அவர் படத்தை மறுபடி பெரிதாக்கிப் பார்த்தார். வெளிச்சம் போதவில்லை என்றார். நாங்கள் வெளியே வந்துவிட்டோம். இதை எழுதும் வரை எங்கள் இருவரின் செய்முறை மதிப்பெண் அறிவிப்புப் பலகையில் வரவில்லை. வராவிட்டால் அடுத்த ஆண்டு மறுபடி எழுத வேண்டும். மெர்சிக்கு அது சின்ன விஷயமில்லை, ஒரு வருடம் தள்ளிப்போனால் வீட்டில் என்ன சொல்வார்கள் என்று அவளுக்குத்தான் தெரியும். அதனால்தான் இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

களப்பயிற்சிக்குப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். மார்ச், ஏப்ரலில் போனால் இரண்டு லிட்டர் தண்ணீரும் தலைக்குத் துணியும் எடுத்துக்கொள்ளுங்கள். பெண் பிள்ளைகள் திண்டிவனம் பேருந்து நிலையத்திலேயே கழிப்பறை போய்விடுவது நல்லது, சமுதாயக் கூடத்துக் கழிப்பறைச் சாவி இருக்கிற ஆளும் கொல்லையில்தான் இருப்பார். போகிற ஊருக்கு இரண்டு நாள் முன்பே பேசிவிடுங்கள். உங்கள் வகுப்பில் அந்த ஊர்ப் பிள்ளை யாராவது இருந்தால் பேச வேண்டியது அவர்தான், ஜமக்காளம் நிரப்ப வேண்டியவர் அவரில்லை. சீனியர் வைத்துவிட்டுப் போன தலைப்பில் கேள்வி கேட்கப் போனால், மனப்பாடப் பதில்தான் கிடைக்கும். அந்தப் பதிலைச் சொல்ல ஒருவர் வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார். அவருக்கு முதலில் மன்னிப்புக் கேளுங்கள்.

நேற்று சாயங்காலம் இந்தக் கட்டுரையைப் பாதி எழுதியிருந்தபோது அந்தோணி சித்தப்பாவிடமிருந்து மெர்சிக்குப் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

“பேஜாராப் போச்சி மெர்சி. வடக்குத் தெரு முருகன் யாருகிட்டயும் சொல்லாம வண்டிய எடுத்துக்கினு மாமியார் வூட்டுக்குப் போய்ட்டான். வந்ததுலேர்ந்து தெருவே அவனப் புடிச்சிக்கினு திட்டுது. அவன் வண்டி, அவன் மாமியாரு, எங்க நியாயத்த சொல்றது? நீ வந்து பேசு.”

தன் சொந்த வண்டியில் மாமியார் வீட்டுக்குப் போன குற்றத்துக்காக ஒரு தெருவே ஒரு ஆளைத் திட்டிக்கொண்டிருக்கிறது. மெர்சி போனை வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு அவள் சிரித்து நேற்றுதான் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை போகிறோம். ஆறரைக்கு வந்துவிடுங்கள், எல்லோரும் இருப்போம் என்று நேரத்தை இந்த முறை அவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.